22-ஆ, 17.6-ஆ? முன்னாள் படைவீரர் தற்கொலைகளை எண்ணும் கணக்கு

அமெரிக்காவில் நாளொன்றுக்கு 22 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொள்வதாக ஓரிடத்திலும் 17.6 என்று இன்னோரிடத்திலும் படித்தேன், எது சரி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டையும் வெளியிட்டது அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத் துறைதான். முதல் எண் 2012 அறிக்கையின் மதிப்பீடு. 21 மாநிலங்களின் இறப்புச் சான்றிதழ்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. கலிஃபோர்னியாவும் டெக்சஸும் அதில் இல்லை. இரண்டாவது 2022-ஆம் ஆண்டுக்கானது, மொத்தம் 6,407 பேர். இந்த இரண்டையும் கழித்துப் பார்த்து, தற்கொலை குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. எண்ணும் முறையே மாறிவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், இறப்பைப் பதிவுசெய்வது மாநிலம். யார் படையில் இருந்தார் என்ற ஆவணம் இருப்பது மத்திய அரசிடம். சான்றிதழில் ‘ஆயுதப் படையில் எப்போதாவது பணியாற்றினாரா?’ என்று ஒரு கேள்வி உண்டு. இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனத்தார் குடும்பத்தாரிடம் கேட்டு அதை நிரப்புகிறார்கள். பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாத மகன் என்ன சொல்வான்? அப்புறம், அது தற்கொலையா, விபத்தா, தீர்மானிக்க முடியாததா என்று முடிவுசெய்பவர் பல கவுன்ட்டிகளில் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தலில் வென்று வந்த கொரோனர், அதாவது இறப்பை விசாரிக்கும் அதிகாரி. அவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்றுகூட எல்லா இடத்திலும் கட்டாயமில்லை.

அதனால்தான் குடும்பத்தாரின் பதிலை மட்டும் நம்பாமல் இரண்டு பட்டியல்களைப் பொருத்துகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஒரு பக்கம் படையில் இருந்தவர்கள். மறுபக்கம், 1979 முதல் நாடு முழுக்க நிகழ்ந்த இறப்புகளைத் தொகுத்துவரும் தேசிய இறப்புப் பதிவேடு. அமெரிக்கர்களுக்கு அரசு தரும் அடையாள எண்ணான சமூகப் பாதுகாப்பு எண் இரண்டிலும் சரியாக இருந்தால் வேலை சுலபம். ஆனால் தரைப்படை அந்த எண்ணுக்கு மாறியதே 1969-இல்தான். அதற்கு முன்பு தனிப் படை எண். போதாக்குறைக்கு 1973-இல் செயின்ட் லூயிஸ் நகரில் படையினரின் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீ 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகளை அழித்துவிட்டது.

எண் கைவிடும் இடத்தில் நிகழ்தகவு உதவுகிறது. 1969-இல் ஃபெல்லெகி, சன்டர் என்ற புள்ளியியலாளர்கள் இருவர் இதற்கு முறையான கணிதம் வகுத்தார்கள். அதன் அழகே, எல்லா ஒற்றுமைக்கும் ஒரே மதிப்பு தராததுதான். முன்பின் தொடர்பில்லாத இருவருக்குப் பிறந்த மாதம் ஒத்துப்போக வாய்ப்பு 12-இல் ஒன்று. ஆகவே மாதம் பொருந்தினால், இரு பதிவும் ஒரே ஆளுடையவை என்பதற்கான ஆதரவு சுமார் 12 மடங்கு கூடும். ஸ்மித் என்ற குடும்பப் பெயர் கிட்டத்தட்ட நூற்றில் ஒருவருக்கு உண்டு. அது பொருந்தினால் நூறு மடங்கு. லட்சத்தில் ஒருவருக்கே உள்ள பெயர் பொருந்தினால் லட்சம் மடங்கு! இப்படி ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். மடக்கை எடுத்தால் வெறும் கூட்டல். பொருந்தாத தகவல் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆனால் எழுத்துப்பிழைக்கான வாய்ப்பும் கணக்கிலேயே இருப்பதால் ஒரே ஒரு பிழை மொத்தத்தையும் கெடுத்துவிடாது. திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறிய பெண்களுக்கு இன்னொரு வழி: படைப் பட்டியலில் உள்ள பெயரை, இறப்புச் சான்றிதழில் உள்ள தந்தையின் குடும்பப் பெயரோடு ஒப்பிடுகிறார்கள்.

யாரை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். 2015-க்கு, நாளொன்றுக்கு 20.6 பேர் என்று வெளியான எண்ணில் முன்னாள் வீரர்கள் 16.8 பேர்தான். மீதி 3.8 பேர் பணியில் இருந்தவர்கள், தேசியக் காவல் படையினர், ரிசர்வ் படையினர்.

இறப்பைப் பதிவுசெய்வது மாநிலம் என்பதால் மாநிலச் சட்டங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2017-இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி மாநிலப் பொது சுகாதாரத் துறை, மின்னணு இறப்புப் பதிவிலிருந்து முன்னாள் வீரர்களின் தற்கொலைகளை வயது, பாலினம், இனம் வாரியாகத் தொகுத்துச் சட்டமன்றத்துக்கு ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். நல்ல தொடக்கம் என்பேன். ஆனால் சட்டம் போட்டுவிட்டு, இறப்பை விசாரிப்பவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் ஒதுக்காவிட்டால், சான்றிதழில் தவறாக எழுதியது அறிக்கையிலும் தவறாகவே வரும். தடுப்புத் திட்டங்களுக்குப் பணம் கேட்பவர்கள் இந்த எழுத்து வேலைக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2022-இன் தேசிய எண் வெளிவந்தது 2024 டிசம்பரில். மாநிலத்தின் சொந்தப் பதிவேட்டிலோ ஒவ்வோர் இறப்பும் சில வாரங்களில் ஏறிவிடுகிறது. ஒரு கவுன்ட்டியில் இந்த வருடம் எண்ணிக்கை கூடினால் அதை இந்த வருடமே கண்டுபிடிக்க அந்தப் பதிவேடு போதும்.