வீட்டுக்கடன் வட்டி: இந்தியக் கணக்கு வன்னிக்குச் சரிவராது

தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது: "வீட்டுக்கடன் வட்டியில் 2 இலட்சம் வரிக்குக் கழிக்கலாமாம், நட்டத்தை 8 வருடம் கொண்டுபோகலாமாம், உண்மையா?" உண்மைதான், இந்தியாவில். அங்கேயும் (அங்கே வரிக்குப் பழையது, புதியது என்று இரண்டு முறை உண்டு), தான் குடியிருக்கும் வீட்டுக்கு அந்த 2 இலட்சம் பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான். இலங்கையில் எங்களுக்கு 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இருக்கிறது.

நீங்கள் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு இப்போது இலங்கையில் கழிவு எதுவும் இல்லை. முன்பு இருந்தது. மருத்துவம், கல்வி, வீட்டுக்கடன் வட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு 12 இலட்சம் ரூபாய் வரை செலவுச் சலுகை கொடுத்தார்கள். 2022 டிசம்பரோடு அதை எடுத்துவிட்டார்கள். பழைய துண்டுப்பிரசுரத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

வாடகைக்குக் கொடுத்த வீடு என்றால் கதை வேறு. கடன் வாங்கிய காசு வருமானம் தரும் சொத்தில் போயிருந்தால், அதன் வட்டியை அந்த வருமானத்தில் கழிக்கலாம். முதலுக்குக் கட்டும் காசைக் கழிக்க முடியாது. எந்தக் காணியின் உறுதியை ஈடு வைத்தீர்கள் என்பது இங்கே முக்கியமில்லை, காசு எங்கே போனது என்பதுதான் கேள்வி. வீட்டுக்கடன் என்று எடுத்து உழவு இயந்திரம் வாங்கியிருந்தால் அந்த வட்டி வாடகைக் கணக்கில் வராது. வன்னியில் பலருடைய வீடு போருக்குப் பிறகு 550,000 ரூபாய் இந்திய வீட்டுத்திட்ட மானியத்தில் எழும்பியது. அது கடன் இல்லை, வட்டியும் இல்லை. பிறகு வங்கிக் கடனில் முன்பக்கம் இரண்டு அறை இறக்கி வாடகைக்கு விட்டிருந்தால், அந்தக் கடனின் வட்டியை மட்டும் எடுங்கள். அதே கடனில் சொந்தக் குசினியையும் திருத்தியிருந்தால் வட்டியைப் பங்கு பிரிக்க வேண்டும்.

சரி, நட்டத்துக்கு வருவோம். கிளிநொச்சியில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை வவுனியா நகரில் கடனெடுத்து வீடு வாங்கி, மாதம் 30,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருட வாடகை 360,000. கட்டிய வட்டி 480,000. நட்டம் 120,000. இந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, பலரும் சறுக்குவது இங்கேதான். வாடகை முதலீட்டு வருமானம், அதன் நட்டம் முதலீட்டு வருமானத்தோடு மட்டும்தான் ஈடாகும். நிலையான வைப்பு வட்டி இருந்தால் அதோடு ஈடு செய்யலாம். இல்லையென்றால் அடுத்த 6 வருடங்களுக்குக் கொண்டுபோகலாம், இந்தியா போல் 8 இல்லை. அடுத்த வருடம் வாடகை 45,000 ஆகி, வட்டி 450,000 ஆகக் குறைந்தால் இலாபம் 90,000. பழைய நட்டத்தில் 90,000 அதை விழுங்கிவிடும், மிச்சம் 30,000 அப்படியே தொடரும்.

இந்தக் கணக்கு யாருக்கு உதவும் என்பதையும் பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் விடுதொகை வருடத்துக்கு 18 இலட்சம். சம்பளமும் வாடகையும் சேர்ந்தும் அதைத் தாண்டாதவருக்கு வரியே இல்லை. தாண்டினால் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு 18 வீதத்தில் தொடங்கி 36 வரை ஏறும். வாடகை வருமானத்துக்கு இன்னொரு சலுகையும் உண்டு: திருத்த வேலை, பராமரிப்பு, தேய்மானத்துக்கு என்று வாடகையில் 25 வீதம். அந்தச் செலவுகளை உண்மைக் கணக்கில் கழித்தவருக்கு இது கிடைக்காது.

வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வருமான வரி விபரத்திரட்டை அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30 க்குள் கொடுக்க வேண்டும். நட்டம் வந்த வருடத்திலேயே அதைக் காட்டிவிடுங்கள். வங்கியில் கேட்கும்போது மொத்தத் தவணையை அல்ல, அந்த வரி ஆண்டின் வட்டியை மட்டும் தனியாகக் காட்டும் கடிதம் கேளுங்கள்.