சிக்கல் அயனா, அணைவு அயனா?

கிளிநொச்சிப் பக்கம் உயர்தர இரசாயன வகுப்புகளில் இன்னமும் "சிக்கல் அயன்", "சிக்கற் சேர்வை" என்றுதான் காதில் விழுகிறது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நடுவே ஓர் உலோக அயன் (மின்னேற்றமுள்ள அணு), அதைச் சுற்றி வேறு மூலக்கூறுகளோ அயன்களோ பிணைந்த அமைப்புக்குத்தான் இந்தப் பெயர். வன்னியில் சிக்கல் என்றால் காணிச் சிக்கல், கடன் சிக்கல். அதையே ஒரு நீலக் கரைசலுக்கும் பெயராக வைத்தால் பிள்ளை என்ன விளங்கும்?

ஆங்கிலத்தில் இதற்குக் கொம்பிளெக்ஸ் என்று பெயர். அந்தச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. சேர்த்துப் பின்னுவது, அரவணைப்பது இரண்டும் அதன் வேரில் உண்டு. 1893இல் இரசாயனவியலாளர் அல்பிரட் வேர்ணர் இத்தகைய சேர்வைகளின் அமைப்பை விளக்கினார். 1913இல் நோபல் பரிசு.

"பின்னுவது என்றால் சிக்கல் சரிதானே" என்பார்கள். சரியில்லை. தலைமயிரை வாரிப் பின்னினால் பின்னல், வாராமல் விட்டால்தான் சிக்கு. வேர்ணர் காட்டியது ஒழுங்கை: நடுவே உலோக அயன், சுற்றிவர ஆறு பிணைப்புகள் என்றால் பெரும்பாலும் எண்முகி வடிவம், நான்கு என்றால் நான்முகி அல்லது தளச்சதுரம். இதில் சிக்கு எங்கே? தமிழகப் பாடநூல்களின் "அணைவு" விஷயத்தையே சொல்லிவிடுகிறது.

கோபாற்றுக் குளோரைட்டை எடுங்கள். நீரில் இளஞ்சிவப்பு, ஆறு நீர் மூலக்கூறுகள் கோபாற்றை அணைத்துக்கொள்ள, குளோரைட்டு வெளியே போய்விடும். நீரற்ற உப்பை அசற்றோன் என்ற சேதனக் (காபன் சேர்வைக்) கரைப்பானில் கரைத்தால் நீலம். அசற்றோனின் பிடி தளர்வானது, அதனால் குளோரைட்டு உலோகத்தை விடாது. அதற்குள் போதிய நீர் விட்டால் மறுபடியும் இளஞ்சிவப்பு. எல்லாச் சேதனக் கரைப்பானும் இப்படி விட்டுக்கொடுப்பதில்லை. தைத்தானியம் நாற்குளோரைட்டைத் தெத்திராஐதரோபியூரன் என்ற கரைப்பானோடு சேர்த்தால் நான்கு குளோரைட்டும் இருக்க, இரண்டு கரைப்பான் மூலக்கூறுகளும் உலோகத்தில் வந்து பிணையும். மஞ்சள் திண்மம் கிடைக்கும். யார் அணைக்கிறார், யார் விடுகிறார் என்பதில்தான் கோபாற்று, தைத்தானியம் போன்ற தாண்டல் உலோகங்களின் குளோரைட்டுகளின் தாக்கங்கள் பெரும்பாலும் தங்கியிருக்கின்றன.

அணைவு இந்தியச் சொல்லாம், நமக்கு வேண்டாமாம். தாண்டல், சேர்வை எல்லாம் நம்முடையவை, நல்ல சொற்கள், அவை இருக்கட்டும். "அணைவுச் சேர்வை" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆங்கிலத்தில் கொம்பிளெக்ஸைக் கண்ட இடமெல்லாம் சிக்கலைப் போடுகிறார்கள்; கணிதத்திலும் சிக்கலெண். நல்லவேளை, வவுனியாவில் ஷொப்பிங் கொம்பிளெக்ஸுக்குக் கடைத்தொகுதி என்று பெயர் வைத்தவர் மொழிபெயர்ப்பாளர் இல்லை. இல்லாவிட்டால் கடைச்சிக்கலுக்குத்தான் சாமான் வாங்கப் போயிருப்போம்.

வினாத்தாளில் சிக்கல் என்று வந்தால் பிள்ளைகள் அப்படியே எழுதட்டும், புள்ளி முக்கியம். கரும்பலகையில் விளக்கும்போதாவது ஆசிரியர்கள் அணைவு என்று சொல்லலாம்.