பாசி எடுத்த தோள் மறுநாளும் ஏன் வலிக்கிறது?

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வயது 45. சிறு வயதிலிருந்தே கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறவர். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி, பாறையோடு ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து இடுப்புப் பையில் திணிக்கிற வேலை. "முன்னெல்லாம் ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும். இப்ப ரெண்டு நாளானாலும் தோளும் பிடரியும் இறுகியே கிடக்கு. மாசாமாசம் வர்றதும் தப்பித் தப்பி வருது. வெளிய போக வேண்டிய கெட்ட ரத்தம் உடம்புல தங்குறதாலதான் வலிக்குதுன்னு சொல்றாக. நிசமா?"

இல்லை, அக்கா. கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. மாதவிடாயில் வெளியேறுவது கருப்பையின் உள்சுவரும் அதோடு வரும் சாதாரண ரத்தமும்தான். தேதி தள்ளிப்போகிற மாதத்தில் அந்தச் சுவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து தோளுக்கு ஏறிப்போக வழியே இல்லை. இந்த நம்பிக்கை மேல் எனக்குக் கோபம் உண்டு. தன் உடம்பில் அழுக்கு தேங்கிக் கிடப்பதாக ஒரு பெண்ணை நினைக்க வைத்து, அதை 'இறக்க' சூரணமும் கஷாயமும் விற்கிறார்கள்.

ஆனால் மாதவிடாய் தடுமாறுவதற்கும் வலிக்கும் தொடர்பு இருப்பதை ஊர்ப் பெண்கள் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளைப் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். பிறக்கும்போது சூலகத்தில், அதாவது கருமுட்டை உருவாகும் உறுப்பில், 10 முதல் 20 லட்சம் வரை இருந்த நுண்ணிய கருமுட்டைப் பைகள், மாதவிடாய் நிற்கும் சமயத்தில் ஆயிரம் அளவுக்கு வந்துவிடும். எண்ணிக்கை குறையக் குறைய, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பிச் சூலகத்தை விரட்டுகிறது. விரட்டலுக்குப் பணிந்து சில மாதம் அங்கே சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வழக்கத்தைவிட உயரும், சில மாதம் பாதாளத்துக்குப் போகும். இந்த ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்ளும் இடங்களில் ஒன்று தசை.

தசைக்கும் பெண் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

தசை நார் ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். ஆனால் ராட்சத செல், சில நார்கள் பல சென்டிமீட்டர் நீளம். அத்தனை நீளத்தையும் பராமரிக்க அதற்குள் செல்லை இயக்கும் மையமான உட்கருக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவ்வளவு பெரிய செல்லால் ஒன்றே ஒன்று முடியாது: இரண்டாகப் பிரிய முடியாது. அப்படியென்றால், பாசி இழுத்து இழுத்து நாரில் நுண்ணிய கிழிசல் விழுந்தால் யார் சரிசெய்வது?

1961-இல் அலெக்சாண்டர் மௌரோ என்ற ஆய்வாளர் தவளைக் கால் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நாருக்கும் அதன் மேலுறைக்கும் இடையில் ஒடுங்கிக் கிடந்த குட்டிச் செல்களைக் கண்டார். சாட்டிலைட் செல் என்று பெயர். வாழ்நாளின் பெரும்பகுதி இவை தூங்கும். நாரில் சேதம் ஏற்பட்டால் கசியும் ரசாயனங்கள் இவற்றை எழுப்பும். எழுந்த செல் பிரியும். பிறந்த மகள் செல்களில் சில போய் நாரோடு கலந்து, தங்கள் உட்கருவையே அதற்குக் கொடுத்துவிட்டுத் தனி உயிர் இல்லாமல் போகும். வேறு சில அப்படிக் கரையாமல், பழைய இடத்துக்குத் திரும்பி மறுபடி தூங்கப் போகும். விளைந்ததை முழுக்கச் சாப்பிட்டுவிடாமல் அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்து வைக்கிறோமே, அதே ஏற்பாடு. இது இருப்பதால்தான் 40 வயது வரை கடலில் போராடிய தோள் காலையில் எழும்போது புதிதாக இருந்தது.

விதை எடுத்து வைக்கும் அந்தக் கட்டத்தில்தான் ஈஸ்ட்ரோஜன் வருகிறது. சாட்டிலைட் செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் புரதம் இருக்கிறது. ஹார்மோன் வந்து அதில் பொருந்தினால், பிரிந்த செல் பிழைத்துக் கையிருப்புக்குத் திரும்புகிறது. வராவிட்டால் நிறையச் செல்கள் தாமாகவே மடிந்துபோகின்றன. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், சூலகம் அகற்றப்பட்ட பெண் எலிகளின் தசைகளில் சாட்டிலைட் செல்கள் 30 முதல் 60 சதவீதம் வரை குறைந்திருந்தன. அதே ஆய்வில் பெண்களின் தொடையிலிருந்து எடுத்த சிறு தசைத் துணுக்குகளும் இருந்தன. மாதவிடாய் நிற்பதற்கு முன்பும் பின்பும் எடுத்தவை. ஈஸ்ட்ரோஜன் சரியச் சரிய அவற்றிலும் கையிருப்பு சரிந்திருந்தது.

தசையைத் தாண்டி மூளையிலும் ஒரு வேலை நடக்கிறது. அமெரிக்காவில் ஆரோக்கியமான இளம் பெண்களின் தாடைத் தசையில் அடர்த்தியான உப்புநீரை ஏற்றி வலி உண்டாக்கி, மூளையைப் படம் பிடித்தார்கள். முடிவு 2006-இல் வெளியானது. ஈஸ்ட்ரோஜன் குறைந்திருந்த நாளில் ஒருமுறை, தோலில் ஈஸ்ட்ரோஜன் பட்டை ஒட்டிய பிறகு மறுமுறை. ஹார்மோன் கூடியிருந்தபோது மூளை தன் சொந்த வலிநிவாரணியை இன்னும் நன்றாகப் பயன்படுத்தியது. இதோடு, மனதையும் உடலையும் தளர்த்த உதவும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனும் பெரிமெனோபாஸ் காலத்தில் குறைகிறது. இரவு வியர்வை தூக்கத்தைக் கெடுக்கிறது. தூங்காத உடம்புக்கு எந்த வலியும் கூடுதலாகத் தெரியும். தோள் இறுகாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் ஏன் இவ்வளவு தாமதமாகக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1977 முதல் குழந்தை பெறும் வயதுப் பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கி வைத்தார்கள். அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது 1993-இல். நம் கரையிலும் பணம் எங்கே போகிறது என்று பார்க்கிறேன். ராமநாதபுரத்தில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. வரட்டும், நல்லதுதான். அதில் சிறு பங்கை எடுத்து, சின்னப்பாலத்திலிருந்து ஏர்வாடி வரை பாசி எடுக்கும் பெண்களின் தோளையும் முழங்காலையும் பத்து வருடம் தொடர்ந்து கவனிக்க ஒரு குழுவை அமைக்க வேண்டும். பாசியைப் பற்றி மண்டபம் ஊரில் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறோம். அதைப் பறிக்கிற கையும் ஆராயத் தகுந்ததுதான்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? தசையின் பழுதுநீக்கத்தைத் தூண்டுவதில் பளுப் பயிற்சிக்கு நிகரில்லை. "நாள் பூரா வேலைதானே செய்யுறேன்" என்பீர்கள். வேலையில் அதே தசைகள் அதே விதமாக இழுபடுகின்றன. மற்றவை சும்மா இருக்கின்றன. கடலுக்குப் போகாத நாளில், வாரம் இரண்டு முறை, நாற்காலியில் கைபடாமல் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்குவது என்று தொடங்கி மெல்ல எடையைக் கூட்டுங்கள். பிடிக்கிற மீனை எல்லாம் விற்றுவிடாமல் சூடையோ நெத்திலியோ உங்கள் தட்டிலும் விழட்டும். புரதம் இல்லாமல் எந்தத் தசையும் ஆறாது.

ஒரு மூட்டு வீங்கிச் சிவந்தால், காலையில் கை மடங்க ஒரு மணி நேரம் ஆனால், காய்ச்சல் வந்தால் அது வேறு விஷயம். தைராய்டும் முடக்குவாதமும் சிக்குன்குனியாவும் இதே மாதிரி வேடம் போடும், ரத்தப் பரிசோதனை வேண்டும். உடம்பில் திடீரெனப் பரவும் சூடும் வியர்வையும் தாங்க முடியாவிட்டால் ஹார்மோன் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசலாம். 2002-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு உலகையே அந்தச் சிகிச்சையிலிருந்து பயந்து ஓட வைத்தது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. 45 வயதுப் பெண்ணுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டி போன்றவை வந்தவர்களுக்குப் பொதுவாக இது கொடுப்பதில்லை.

இன்னொன்று. தோள் வலிக்கும் உதிரப்போக்குக்கும் சேர்த்து 'கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாகும்' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். தசைக்குப் போகும் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையில் சுரப்பதில்லை, சூலகத்தில் சுரக்கிறது. அதையும் சேர்த்து எடுத்தால், வருடக்கணக்கில் குறைய வேண்டியது சில நாட்களில் குறைந்துவிடும். சில நோய்களுக்கு அந்த அறுவை தேவைதான். கையெழுத்துப் போடும் முன், சூலகத்தை விட்டுவைப்பீர்களா, எடுக்கப் போகிறீர்கள் என்றால் எதற்காக என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.