பாட்டோட வேகம் உங்க காலுக்கு செட் ஆகுதா?

பிசியோதெரபிக்கு வர்றவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது, எக்சர்சைஸ் பண்றப்ப என்ன பாட்டு கேக்கலாம்னு. எந்தப் பாட்டுன்னு நான் சொல்றதில்ல, பிடிச்சதையே கேளுங்க, ஆனா அதோட வேகத்தை ஒரு தடவை எண்ணிப் பாத்துட்டு லிஸ்ட்ல சேருங்கன்னுதான் சொல்வேன்.

எண்றது ஈஸிதாங்க. பாட்டைப் போட்டு தாளத்துக்குக் கால் தட்டிக்கிட்டே 15 செகண்ட் எண்ணுங்க, வர்றதை நாலால பெருக்கினா அதான் பிபிஎம், நிமிஷத்துக்கு எத்தனை தட்டுன்னு. அப்படியே நீங்க நடக்குற ஸ்டெப்பையும் எண்ணிடுங்க. நிமிஷத்துக்கு சுமார் 100 ஸ்டெப் வந்தா மிதமான பயிற்சின்னு கணக்கு, 130 கிட்டப் போனா நல்ல வேக நடை. ஓடுறவங்களுக்கு பெரும்பாலும் 150லேர்ந்து 180 வரைக்கும் வரும், அதுக்குன்னு 170 பிபிஎம்ல பாட்டு தேடி அலைய வேணாம், 85ல இருக்குற பாட்டே போதும், ஒரு தட்டுக்கு ரெண்டு ஸ்டெப் வெச்சா சரியா வந்துடும். ஸ்லோவா இருக்குன்னு நாம தள்ளி வெக்கிற பாட்டு சில நேரம் ஓட்டத்துக்குக் கச்சிதமா உக்காரும்.

முட்டி ஆபரேஷன் முடிஞ்சு ட்ரெட்மில்ல நடக்கப் பழகிட்டு இருந்தார் ஒருத்தர். 95ல ஒரு மெலடி ஓடுற வரைக்கும் குதிகால் பதிச்சு அழகா நடந்தார். ஷஃபிள்ல அடுத்து வந்தது 140 இருக்கும். பெல்ட் வேகம் அதே தான், ஆனா கால் பாட்டு பின்னாடி ஓடப் பாக்குது, ஸ்டெப் குட்டிக்குட்டியா ஆயிடுச்சு, கை கம்பியை இறுக்கிப் பிடிச்சிருச்சு, பாரத்தை மொத்தமா நல்ல கால் பக்கம் தள்ளிட்டார். என்ன சார்னு கேட்டா, "இப்பதான் ஜாலியா இருக்கு"ங்கிறார்!

அந்த ஜாலிதான் இதுல கவனிக்க வேண்டியது. பாட்டு கேட்டா களைப்பு எங்கயும் போயிடாது, நம்ம கவனம் அதுலேர்ந்து விலகுது, அதனால கஷ்டம் கம்மியா தெரியுது. லண்டன் ப்ரூனல் யுனிவர்சிட்டில கோஸ்டாஸ் கராஜார்ஜிஸ்னு ஒருத்தர் பல வருஷமா இதைத்தான் ஆராய்ச்சி பண்றார், மிதமான பயிற்சில இந்த எஃபெக்ட் நல்லா வேலை செய்யுது, மூச்சு இரைக்கிற அளவுக்குப் போயிட்டா பெருசா எடுபடறதில்ல. பயிற்சியோட வேகம் கூடக்கூட ஜனங்களுக்குப் பிடிக்கிற டெம்போ, அதாவது பாட்டோட வேகம், சுமார் 125லேர்ந்து 140க்குள்ளயே நின்னுடுதுங்கிறதும் அவர் ஆராய்ச்சில வந்ததுதான். அப்புறம் எதுக்கு 180க்கு ரீமிக்ஸ் தேடணும்?

பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுறவங்க இன்னும் கொஞ்சம் உஷாரா இருக்கணும். அந்த மாத்திரை நாடித்துடிப்பை ஏற விடாது, வாட்ச்ல நம்பர் கம்மியா காட்டும், பாட்டு வேற கஷ்டத்தை மறைச்சிடும், ரெண்டும் சேந்தா எவ்ளோ சிரமப்படுறோம்னே தெரியாம போயிடலாம். இவங்க ஒரு பாட்டு முடிஞ்சதும் சத்தத்தை நிறுத்திட்டு நடந்துக்கிட்டே ரெண்டு வாக்கியம் பேசிப் பாக்கணும். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதான் மிதமான வேகம். கூடவே சரணம் வரைக்கும் பாடிட்டு நடக்குறீங்கன்னா வேகம் பத்தலன்னு அர்த்தம் :)

ஷஃபிளை ஆஃப் பண்ணிடுங்க, வார்ம் அப்புக்கு 100 கிட்ட ஆரம்பிச்சு மெல்ல ஏத்தி, கடைசி அஞ்சு நிமிஷம் 90க்குக் கீழ இறக்குங்க. வெயிட் தூக்குறப்ப தாளத்தைப் பிடிக்கவே பிடிக்காதீங்க, இறக்குறப்ப அவசரப்பட்டா மூட்டுக்குத்தான் அடி.

அப்புறம் வால்யூம். டெம்போ ஏற ஏற கை தானா அங்கதான் போகுது. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம்னு சொல்லுது, அதே 90ன்னா வெறும் 4 மணி நேரம்தான். பக்கத்துல நிக்கிறவர் கத்தினாதான் கேக்குதுன்னா உடனே குறைங்க.