லென்ஸ் வாங்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

செல்போன் போர்டு சர்வீஸ் பழக வரும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை எக்ஸ் லென்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். எக்ஸ் என்றால் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்ற கணக்கு.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 எக்ஸ் லூப் ஒன்றை வாங்கி வந்து, அன்றைக்கே ஒரு சார்ஜிங் பின் மாற்ற உட்கார்ந்தேன். அதில் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் போர்டு இரண்டரை சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். அந்த இடுக்கில் 350 டிகிரி சால்டரிங் அயர்னை எப்படி நுழைப்பது? நுழைத்தேன். ஈயம் நன்றாகப் பிடிக்கத் தடவும் ஃப்ளக்ஸ் தெறித்துக் கன்னத்தில் பட்டது. இன்னும் ஒரு விரற்கடை மேலே என்றால் கண். அந்த லூப் இப்போதும் இருக்கிறது, பற்றவைத்து ஆறிய இடத்தைச் சரிபார்க்க மட்டும்.

மடங்கு கூடக்கூட தூரம் குறையும், பார்க்கும் பரப்பு சுருங்கும், போர்டு கொஞ்சம் அசைந்தாலே ஃபோகஸ் போய்விடும். அதனால் கை நுழைய எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விளக்கோடு வரும் மேஜை லென்ஸில் 3 டையாப்டர், 5 டையாப்டர் என்று லென்ஸின் பவரைப் போட்டிருக்கும். அதையே எக்ஸ் என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய. டையாப்டரை 4-ஆல் வகுத்து 1 கூட்டினால்தான் மடங்கு வரும். 5 டையாப்டர் என்பது 2.25 மடங்கு. 100-ஐ டையாப்டரால் வகுத்தால் குவியத்தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 5-க்கு 20. கை தாராளமாகப் போகும். ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர் போர்டு வேலைக்கு இதுவே போதும். தலையில் மாட்டும் வைசரில் 3.5 மடங்கு என்றால் போர்டு 10 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். புகை நேரே மூக்குக்கு. ஃப்ளக்ஸில் இருக்கும் ரோசின் என்ற பிசினின் புகை ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும், சின்ன ஃபேனாவது வைத்துப் புகையைப் பக்கவாட்டில் இழுங்கள்.

செல்போனில் 0201 என்ற சைஸ் கெபாசிட்டரின் நீளம் 0.6 மில்லிமீட்டர், அகலம் அதில் பாதி. அங்கே இரு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்தான். 7 முதல் 45 மடங்கு வரை போகும் என்பார்கள். எனக்கு அயர்ன் கையில் இருக்கும்போது 15-ஐத் தாண்டியதில்லை. கூடவே அதன் அடியில் மாட்டும் 0.5 எக்ஸ் பார்லோ லென்ஸ் கேட்டு வாங்குங்கள். மடங்கு பாதியாகும், இடம் கூடும், மேலே உள்ள விலையுயர்ந்த லென்ஸில் புகையும் படியாது. யுஎஸ்பி கேமரா கஸ்டமருக்குப் பழுதைக் காட்ட நல்லது. சால்டருக்கு ஆகாது. ஆழம் தெரியாது, படமும் கையை விடக் கொஞ்சம் பிந்தி வரும்.

இன்னொன்று, 40 தாண்டியவர்களுக்கு. எனக்கு 3 டையாப்டர் போதவில்லை என்று 5 வாங்கினேன். அதுவும் மங்கல் என்று கடைக்காரரைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் வெள்ளெழுத்து. கண் பரிசோதனைக்குப் போகும் முன், வழக்கம்போல முழங்கையை ஊன்றி உட்கார்ந்து, கண்ணிலிருந்து போர்டு வரை யாரையாவது ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். படிக்கும் கண்ணாடியைப் பெரும்பாலும் 40 சென்டிமீட்டருக்குத்தான் எழுதுவார்கள். நம் தூரத்தைச் சொன்னால் அதற்கேற்றபடி எழுதித் தருவார்கள்.

அப்புறம், மேஜை லென்ஸை வேலை முடிந்ததும் மூடி வையுங்கள். காலை வெயில் நேராக விழும் கடை என்னுடையது. மேஜை விரிப்பில் மிளகளவு கருகல் ஒன்று இருக்கிறது. அயர்ன் பட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.