யார் யாருக்காகக் கொம்பூதலாம்? யூதச் சமயச் சட்டத்தில் இடைப்பாலினர்

யூதப் புத்தாண்டன்று ஷோஃபார் என்னும் கொம்பின் ஒலியைக் கேட்பது ஆண்களுக்குக் கடமை; பெண்களுக்குக் கட்டாயமில்லை. கடமைக்கு உட்பட்டவர் மட்டுமே அக்கடமையைப் பிறருக்காகவும் நிறைவேற்ற முடியும் என்பது ஹலாக்கா எனப்படும் யூதச் சமயச் சட்டத்தின் விதி. அப்படியானால், ஆணென்றோ பெண்ணென்றோ தெளியாத உடலோடு பிறந்தவர் யாருக்காக ஊதலாம்?

இதற்கு யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூது தரும் விடையைப் புரிந்துகொள்ள, ரப்பிகள் எனப்படும் யூதச் சமய அறிஞர்கள் வகுத்த இரு பிரிவுகளை அறிய வேண்டும். ஆண், பெண் இருபாலின் உறுப்புகளும் அமைந்தவர் ஆண்ட்ரோகினோஸ். உறுப்பு தோலால் மூடப்பட்டிருப்பதால் பால் தெரியாதவர் தும்தும். ஆண்ட்ரோகினோஸ் தம் வகையினருக்காக ஊதலாம், பிறருக்காக ஊதக் கூடாது. தும்தும் தம் வகையினருக்காகக்கூட ஊதக் கூடாது. ஆண்ட்ரோகினோஸ் அனைவரின் நிலையும் ஒன்றே என்பதால் ஒருவரின் கடமை மற்றவருக்கும் பொருந்தும். தும்துமோ திரைக்குப் பின்னால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். ஊதுபவர் பெண்ணாகவும் கேட்பவர் ஆணாகவும் இருந்துவிட்டால் கேட்டவரின் கடமை நிறைவேறாது.

யூதர்களின் திருநூலான தோராவின் கட்டளையில் ஐயம் எழுந்தால் கடுமையான பக்கத்தையே பின்பற்ற வேண்டும் என்பது பொதுநெறி. ஆகவே, ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்னும் சட்ட நூலின் பிக்கூரிம் பகுதியோடு சேர்த்து அச்சிடப்படும் அத்தியாயம், ஆண்ட்ரோகினோஸ் ஆண்களைப் போல எல்லாக் கட்டளைகளுக்கும் கட்டுப்பட்டவர் என்கிறது. அதே வேளையில் அவர் பெண்களுடனும் தனித்திருக்கக் கூடாது, ஆண்களுடனும் தனித்திருக்கக் கூடாது என்றும் விதிக்கிறது. அறிவுக்கு நேர்மையான இந்த ஐயத்தின் சுமை முழுவதையும் சுமந்தவர் அந்த மனிதரே என்பதை மறக்கலாகாது.

பணம் தொடர்பான வழக்குகளில் கோருபவரே மெய்ப்பிக்க வேண்டும். தந்தை விட்டுச்சென்ற சொத்து மிகுதியாக இருந்தால் மகன்கள் பங்கு பெறுவர், மகள்களுக்குப் பராமரிப்பு கிடைக்கும். குறைவாக இருந்தால் மகள்களின் பராமரிப்பே முதலில் வரும். மிஷ்னாவின் பாபா பத்ரா என்னும் பகுதி கூறும் விதியோ மனத்தை வருத்துவது: சொத்து மிகுந்தபோது மகன்கள் தும்துமை மகள்கள் பக்கம் தள்ளலாம், குறைந்தபோது மகள்கள் அவரை மகன்கள் பக்கம் தள்ளலாம்.

இந்தக் கணக்கிலிருந்து விலகி ஒலிக்கும் குரல் மிஷ்னா கால அறிஞரான ரப்பி யோசேயினுடையது. ஆண்ட்ரோகினோஸ் "தனக்கெனத் தனித்த ஒரு படைப்பு" என்றார் அவர். ஆனால் ரம்பாம் என அழைக்கப்படும் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் 12ஆம் நூற்றாண்டில் தம் சட்டத் தொகுப்பில் ஆண்ட்ரோகினோஸை ஐயத்துக்குரியவராகவே வரையறுத்தார்.

பாலை அறியக் குரோமோசோம்களைப் பார்க்கும் காலம் வந்தபோது, எருசலேமின் ரப்பி எலியேசர் வால்டென்பெர்க், புறத்தோற்றத்தில் பெண்ணாகவும் மரபணு அடையாளத்தில் ஆணாகவும் இருந்த ஒரு குழந்தை பற்றித் தீர்ப்பளிக்க நேர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் வெளியுறுப்பே சட்டத்துக்கு அளவுகோல் என்று கருதிய அவர், குழந்தையைப் பெண்ணாக்கும் அறுவைக்கு இசைந்தார். சொந்த விருப்பத்தைச் சொல்லும் வயது வருமுன் செய்யப்படும் இத்தகைய அறுவைகளைத்தான் இன்று உலகெங்கும் இடைப்பாலினர் எதிர்க்கின்றனர்.