குன்னூர் ஏற்றமும் எட்டுக் கிலோ சுமையும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் முப்பத்து நாலு கிலோமீட்டர்தானே, விடிகாலையில் கிளம்பினால் எட்டு மணிக்கு மேலே போய் டீ குடித்துவிடலாம் என்று சொல்கிற ஒருவர் எல்லா சைக்கிள் குழுவிலும் இருப்பார். சமவெளியில் நன்றாக ஓட்டுகிறவராகத்தான் இருப்பார், ஆனால் அவர் பார்க்கிற எண் வேறு, மலை கேட்கிற எண் வேறு. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் ரயில் நிலையம் 1,711 மீட்டரில். நடுவில் இருக்கும் கிட்டத்தட்ட 1,400 மீட்டர்தான் அன்றைய வேலை. அதே மலையில் ஏறும் நம் ஊட்டி ரயில், 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற வேண்டிய இடங்களில் வெறும் சக்கரத்தை நம்பாமல் பல்சக்கரத்தைக் கொண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு போகிறது. சாலையில் அந்த அளவு செங்குத்து தொடர்ந்து கிடையாது, மலை அடிவாரத்தில் இருக்கும் கல்லாறு தாண்டியதிலிருந்து சராசரியாக நூற்றுக்கு ஐந்தாறு மீட்டர் ஏற்றம், வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள்.

நாலு நாள் பயணமாகப் போடும்போது நான் வைத்துக்கொள்ளும் வழி இது: முதல் நாள் குன்னூர், இரண்டாம் நாள் வெலிங்டன், கேத்தி வழியாக ஊட்டி, மூன்றாம் நாள் கோத்தகிரி, நாலாம் நாள் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கம். தனியாகப் போனால் இதில் பெரிய திட்டம் ஒன்றும் தேவைப்படாது. ஆறு பேர், எட்டுப் பேர் என்று சேரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

சமவெளியில் கூட்டமாகப் போவது ஏன் சுலபம்? வேகமாகப் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது, முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் அதில் நல்ல பங்கு மிச்சமாகும், அதனால் பலசாலியும் பலம் குறைந்தவரும் ஒரே வேகத்தில் போக முடிகிறது. ஏற்றத்தில் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடை மொத்த எதிர்ப்பில் ஐந்து சதவீதம்கூட வராது. மீதி எல்லாம் எடை. யார் முதுகுக்குப் பின்னால் ஒண்டினாலும் எடையை மறைக்க முடியாதே! அதனால் குழு கல்லாறிலேயே சிதற ஆரம்பித்துவிடும், அது யாருடைய தப்பும் இல்லை.

எவ்வளவு சிதறும் என்று கணக்குப் போடலாம். ஆள் 65 கிலோ, சைக்கிள் 13, பை 12, ஆக 90 கிலோ. இதை 1,400 மீட்டர் தூக்க, டயர், செயின் உராய்வையும் சேர்த்து, சுமார் 1,350 கிலோஜூல் வேண்டும். தொடர்ந்து 150 வாட் மிதிக்கக்கூடியவர் இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடுவார். 100 வாட், அதாவது பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவு மிதிக்கிறவருக்கு மூன்றே முக்கால் மணி நேரம். இடைவெளி ஒன்றேகால் மணி நேரம். முன்னால் போனவர் மேலே வியர்வையில் நனைந்த சட்டையோடு நின்று நடுங்குவார், ஏனென்றால் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குளிர்ந்துவிடும். பின்னால் வருகிறவர் நம்மால் எல்லோருக்கும் தாமதம் என்று மனசு நொந்து, தாங்க முடியாத வேகத்தில் மிதித்து, மறுநாளைக்கான காலையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வார்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. ஏற்றத்தில் நேரம் எடையோடு நேராகக் கூடும், குறையும். பலம் குறைந்தவரின் பையிலிருந்து எட்டுக் கிலோவை எடுத்து பலசாலியின் சைக்கிளில் கட்டுங்கள். ஒருவர் 98 கிலோ, இன்னொருவர் 82. இப்போது முதலாமவருக்கு 2 மணி 43 நிமிடம், மற்றவருக்கு 3 மணி 25 நிமிடம். எழுபத்தைந்து நிமிட இடைவெளி நாற்பத்திரண்டாகச் சுருங்கிவிட்டது! புது சைக்கிள் வாங்கவில்லை, மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கவில்லை, ஆளுக்கு ஆள் பையை மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான். கிளம்புவதற்கு முந்தின இரவு பைகளைத் தராசில் வைத்துப் பார்த்து பிரிப்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். துணைக்கு வேன் வருகிறது என்றால் சுமைப் பிரச்சினையே இல்லை, ஆனால் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் கொண்டுவந்த இ-பாஸ் விதியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கியரும் இதே கணக்குதான். பெடல் பக்கம் 34 பல், பின்சக்கரத்தில் 34 பல் என்றால் ஒரு மிதிக்கு சக்கரம் ஒரு சுற்று, சுமார் 2.1 மீட்டர். நூற்றுக்கு ஆறு ஏற்றத்தில் 150 வாட்காரர் நிமிடத்துக்கு 70 மிதி மிதிப்பார், வசதியான எண். 100 வாட்காரருக்கு அதே கியரில் 47தான் வரும், ஒவ்வொரு மிதியும் முட்டியைப் பிடித்து இழுக்கும். அவருக்கு முன்னால் 22 பல் உள்ள மலை சைக்கிள் கொடுங்கள், எழுபதைத் தாண்டிவிடுவார்.

அப்புறம் சாப்பாடு. தசை, தின்றதில் நாலில் ஒரு பங்கைத்தான் மிதியாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும், ஆக குன்னூர் ஏற ஒருவருக்கு 1,300 கிலோகலோரி போல ஆகும். உடம்பு மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்திருப்பது 2,000க்குள்தான், காலையில் வெறும் காப்பியோடு கிளம்பினால் அதுவும் முழுசாக இருக்காது. ஒருமுறை பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் நண்பர் ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை, விரல் நடுங்குகிறது, கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில். இரண்டு வாழைப்பழம், ஒரு பாக்கெட் கடலை மிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். இருபது நிமிடத்தில் அவராகவே எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு "போலாம்பா" என்றார். பசி வரும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு பழம் என்று முதல் மணி நேரத்திலிருந்தே தின்பதுதான் முறை. காலியான கையிருப்பு நிரம்ப, சோறும் இட்லியும் தாராளமாகச் சாப்பிட்டாலும், ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதனால்தான் இரண்டாம் நாளைச் சின்னதாக வைத்தேன், போதாததற்கு ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான், கொஞ்சம் மிதித்தாலே மூச்சு வாங்கும்.

இறக்கம்தான் எனக்குக் கவலை. ஏறும்போது சேர்த்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். தொண்ணூறு கிலோ 1,400 மீட்டர் இறங்கினால் நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற அளவு வெப்பம். பயந்து பிரேக்கை விடாமல் பிடித்தபடி மணிக்கு 20 கிலோமீட்டரில் இறங்கினால் அதில் முக்கால் பங்கு பிரேக்குக்கே போகும், ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம் சூடாகி உள்ளே காற்று விரிந்து டியூப் வெடிக்கலாம், டிஸ்க் என்றால் பிடிப்புக் குறையும். நேர்ச் சாலையில் பிரேக்கை விட்டு உடம்பை நிமிர்த்திக் காற்றுக்குக் காட்டுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், உடனே விடுங்கள். ஆளுக்கு ஆள் நாலைந்து சைக்கிள் நீளமாவது இடைவெளி வேண்டும். கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது அரவேணு தாண்டி முதல் நிறுத்தம், அதன்பின் ஒவ்வொரு 200 மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு நிறுத்தம் என்று வைத்திருக்கிறோம். நின்றதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: புறங்கையை ரிம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல், அனல் அடிக்கிறதா என்று பார்ப்பது. அடித்தால் ஆறும்வரை யாரும் கிளம்புவதில்லை.